துருத்தியும் குழலும்: பதுளைக் குறிப்புகள்

பதுளை செயின்ட் மார்க் தேவாலயத்தைப் பற்றி எழுத உட்காரும் யாரும் மேஜர் ரோஜர்ஸைத் தாண்டிப் போக முடியாது. அதனால் அவரை முதலிலேயே அனுப்பிவைத்துவிடுகிறேன். தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ், சிலோன் ரைபிள் படையின் மேஜர், பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்ற கணக்கு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். வயது 41. வேண்டியவர்கள் காசு போட்டு அவர் நினைவாகக் கட்டிய கோயில் 1857இல் எழுந்தது. யானைப் பாவம் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும்.

எனக்கு வேண்டியது அந்த 1857 மட்டும்தான். கோச்சி நானுஓயாவுக்கு வந்தது 1885இல், ஹப்புத்தளைக்கு 1893இல், பண்டாரவளைக்கு 1894இல். பதுளைக்கு வந்து சேர்ந்ததோ 1924இல். கோயில் எழுந்த பிறகு 67 வருஷம் இந்த ஊருக்குக் கனமான சாமான் எது வந்தாலும் ஏதாவதொரு இடத்தில் மாட்டு வண்டி மாறித்தான் வந்தது. சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கும் பைப் ஆர்கன் ஒன்றை அந்தச் சாலையில் ஏற்றிக்கொண்டு வருவதை நினைத்துப் பார்த்தபோதுதான், அந்த வாத்தியத்தைச் செய்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கினேன்.

*

பைப் ஆர்கன் என்ற பெயரைக் கேட்டதும் மிரள வேண்டாம். துருத்தி ஒன்று, காற்றை அடக்கி வைக்கும் மரப்பெட்டி ஒன்று, அதன்மேல் நிறுத்திய குழல்கள், ஒவ்வொரு குழலுக்கும் அடியில் ஒரு குட்டிக் கதவு. கட்டையை அழுத்தினால் கதவு திறக்கும், குழல் பேசும். விரலை எடுக்கும் வரை பேசிக்கொண்டே இருக்கும். எட்டடிக் குழல் தரும் சுரத்துக்கு மேல் சுரம் வேண்டுமானால் நாலடி, இன்னும் மேலே போக இரண்டடி. இப்படி வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் குழல்கள் நிற்கும்.

குழல் இரண்டு வகை. உதட்டில் காற்று மோதிப் பேசுவது ஒன்று, நம் புல்லாங்குழல் போல. உள்ளே பித்தளை நாக்கு அதிர்ந்து பேசுவது மற்றொன்று. உலோகக் குழல் என்றால் தகரத்தையும் ஈயத்தையும் உருக்கிக் கலந்து, தகடாக வார்த்து, இழைத்து, சுருட்டி, பற்றவைத்துச் செய்வார்கள். அதோடு முடிந்துவிடாது. குழலுக்குக் குரல் வைக்க வேண்டும். வாயை எவ்வளவு உயரம் அறுப்பது, உள்நாக்கில் எத்தனை கீறல் போடுவது, அடித்துளையை எவ்வளவு திறப்பது என்று ஒவ்வொரு குழலோடும் தனித்தனியாக மல்லுக்கட்டும் வேலை அது. ஆர்கன் கட்டுபவருக்குப் பெயர் வாங்கித்தருவதும் பெயரைக் கெடுப்பதும் அதுதான்.

*

இந்தத் தொழிலில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ராஜா ஹென்றி வில்லிஸ். 1821இல் லண்டனில் பிறந்தார். 14 வயதில் ஜான் கிரே என்ற ஆர்கன்காரரிடம் தொழில் பழகப் போனார். குளொஸ்டர் கதீட்ரலின் ஆர்கனை 1847இல் திரும்பக் கட்டிக்கொடுத்துக் கையில் 400 பவுண் வந்ததும், அந்தத் தைரியத்தில் கல்யாணம் செய்துகொண்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1851 லண்டன் மகா கண்காட்சிக்கு 70 ஸ்டாப் (குழல் வரிசையைத் திறந்து மூடும் பிடி) கொண்ட ஒரு ராட்சதனைக் கட்டி வைத்தார். கட்டை வரிசைக்குக் கீழே பெருவிரலால் அழுத்தும் சிறு குமிழ்கள், அழுத்தினால் ஸ்டாப்கள் தாமாக மாறும். கண்காட்சிக்கு வந்த கூட்டம் வாயைப் பிளந்தது. அந்த ஆர்கனில் பெரும்பகுதியை வின்செஸ்டர் கதீட்ரல் வாங்கிக்கொண்டது.

பிறகு கை நிற்கவே இல்லை. லிவர்பூல் செயின்ட் ஜோர்ஜ் மண்டபம் 1855இல், 100 ஸ்டாப். ராயல் ஆல்பர்ட் மண்டபம் 1871இல். அங்கே துருத்தி அடிக்க ஆள் போதாது என்று நீராவி எஞ்சினையே வைத்தார்கள். செயின்ட் பால் கதீட்ரல் 1872இல். அலெக்சாண்ட்ரா பலஸுக்கு 1873இல் கட்டியது, கட்டடம் திறந்து 16 நாளில் தீப்பிடித்துச் சாம்பலானது. 1875இல் அதே இடத்தில் இன்னொன்றைக் கட்டினார். 1901இல் இறக்கும்போது அவர் பட்டறைக் கணக்கில் ஆயிரத்துக்கு மேல் ஆர்கன்கள். பெரிய பெரிய கதீட்ரல்களுக்குக் கட்டியவர், முப்பது வருஷம் போல இஸ்லிங்டனில் ஒரு சின்னக் கோயிலில் ஞாயிறுதோறும் தானே உட்கார்ந்து வாசித்தார். அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான். தான் செய்ததைத் தானே வாசித்துப் பார்க்காத ஆசாரியை எப்படி நம்புவது?

அவர் பட்டறையின் ஆர்கன் கல்கத்தா செயின்ட் பால் கதீட்ரலுக்கும் போனது. சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயிலில் இருப்பது ஹடர்ஸ்ஃபீல்ட் பீட்டர் கொனாக்கர் பட்டறையின் வேலை, 1883. கீழ்த்திசைக்கு ஆர்கன் வந்த விதம் இதுதான். அங்கே கட்டி, வாசித்துப் பார்த்து, கழற்றி, இலக்கம் போட்டுப் பெட்டியில் அடைத்து, கப்பலில் ஏற்றுவார்கள். வந்தது வாத்தியம் மட்டும். கட்டியவன் வரவில்லை.

*

நம் பக்கத்தில் ஒருவரும் பைப் ஆர்கன் கட்டவில்லை என்று சொல்லிவிட முடியாது. திப்பு சுல்தானின் புலியை மறந்துவிடுகிறோம். ஒரு வெள்ளைக்காரனைக் கீழே போட்டுக் குரல்வளையைக் கவ்வும் மரப்புலி, ஆள் உயர நீளம். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், கீழே கிடப்பவன் கையைத் தூக்கி முனகுவான். புலியின் விலாவில் ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே 18 கட்டைகள், குழல்கள், துருத்தி. முறையான ஒரு குட்டி ஆர்கன்! 1790களில் மைசூரில் செய்தது. பிரெஞ்சுக் கைவினைஞர்களின் கையும் அதில் இருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கும்பினிக்காரர்கள் அதை லண்டனுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. எல்லா ஆர்கனும் மேற்கிலிருந்து கிழக்கே கப்பலேறியபோது இது ஒன்று எதிர்த்திசையில் போனது.

*

கப்பலேறும் சந்தையையும் கணக்கில் வைத்து ஆர்கன் கட்டியவர் தாமஸ் காசன் என்று ஒரு மனிதர், 1842 முதல் 1910 வரை வாழ்ந்தவர். வேல்ஸில் பேங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஆர்கன் பைத்தியம் பிடித்தது. பேங்கை விட்டுவிட்டுப் பட்டறை வைத்தார். பெரிய கோயிலுக்குக் கட்டப் பத்துப் பேர் இருக்கிறார்கள், நாற்பது பேர் கூடும் சின்னக் கோயிலுக்குக் கட்ட ஆளில்லை என்பது அவர் கணக்கு. ஒரே கட்டை வரிசை, அதிலேயே கீழ்ச்சுரத்தை மட்டும் பிடித்துக் காலடி ஓசை தரும் ஒரு தந்திரம், ஒரு மூலையில் அடங்கிவிடும் அளவு. பொசிட்டிவ் ஆர்கன் கம்பெனி என்று 1898இல் தொடங்கினார். கிராமத்துக் கோயில்களையும் கடல் கடந்த நாடுகளையும் குறிவைத்த சரக்கு.

வியாபார மூளை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் வெயில் நாட்டில் ஒரு ஆர்கன் என்ன பாடு படும் என்பது லண்டனில் உட்கார்ந்து முழுதாகத் தெரியாது. வச்சிரம் போட்டு ஒட்டிய மூட்டு மழைக்காலத்தில் இளகிப் பிரியும். துருத்தியின் ஆட்டுத்தோலில் பூஞ்சை ஏறும், பிறகு பூச்சி அரிக்கும். மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கறையான் இருக்கிறது. அதனால்தான் கீழ்நாடுகளுக்கு அனுப்புவதற்குத் தேக்கும் மஹோகனியும் போட்டு, ஒட்டியது போதாதென்று திருகாணியும் இறுக்கினார்கள்.

*

பதுளை இருக்கும் ஊவாவில் இதற்கு மேல் ஒரு தொந்தரவு இருக்கிறது. கச்சான்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலையில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. உதடு வெடிக்கும், கொழுந்து சுருங்கும். அந்தச் சுருக்கத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித்தந்த அந்தத் தைல வாசம் ஏறுகிறது. ஒக்டோபர் வந்தால் கதை தலைகீழ். வடகீழ்ப் பருவமழை தொடங்கி ஜனவரி வரை சுவரெல்லாம் வியர்க்கும்.

தேயிலைக்கு நல்லது மரப்பெட்டிக்கு எமன். கச்சானில் பலகை சுருங்கி வெடிக்கும். வெடிப்பு வழியே காற்று ஒரு குழலுக்குப் போக வேண்டியது பக்கத்துக் குழலுக்கும் கசிந்து, அழுத்தாத சுரம் தானாக முனகும். மழையில் அதே பலகை ஊதி, குட்டிக் கதவுகள் இறுகி, அழுத்திய சுரம் பேச மறுக்கும். வருஷத்தில் இரண்டு முறை வெவ்வேறு நோய்.

குளிரும் சேர்ந்துகொள்ளும். காற்றின் சூடு ஒரு பாகை ஏறினால் உதட்டுக் குழலின் சுருதி கிட்டத்தட்ட 3 சென்ட் ஏறும். நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு அரைச்சுரம். ஹப்புத்தளையில் விடிகாலைக்கும் நண்பகலுக்கும் பத்துப் பாகை வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், காலைப் பூசைக்கும் மத்தியானக் கல்யாணத்துக்கும் இடையே அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். எல்லாக் குழலும் சேர்ந்து ஏறினால் பரவாயில்லை, பாடுகிறவர்களும் கூடவே ஏறிவிடுவார்கள். நாக்குக் குழல்கள் அந்த அளவு ஏறுவதில்லை. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டு நிற்கும்.

*

இப்படிப்பட்ட தட்பவெப்பத்தில் உட்கார்ந்து, உள்ளூர்ப் பொருளை எடுத்து ஆர்கன் கட்டிய ஒருவர் ஆசியாவில் உண்டு. இத்தனை நாள் படித்ததில் இவர் வாழ்க்கைக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

தியேகோ செரா. ஸ்பெயின்காரர், 1762இல் பிறந்தவர், அகுஸ்தீனார் சபையின் ரெகொலெக்த் பிரிவுத் துறவி. 1792இல் பிலிப்பைன்ஸில் வந்து இறங்கினார். 1795இல் மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பின்யாஸ் என்ற ஊருக்குப் பங்குத் தந்தையாகப் போனார். மீன்பிடியும் உப்பளமும் தவிர வேறொன்றும் இல்லாத ஏழைக் கடலோரக் கிராமம். அங்கே கல்லால் கோயில் கட்டினார். சாலை போட்டார். சாயம் போடுவது போன்ற தொழிலைக் கிராமத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆர்கன் கட்டும் வித்தை கையில் இருந்தது. மணிலாவில் ஏற்கெனவே கட்டியுமிருந்தார்.

தன் கோயிலுக்கு என்று வந்தபோது 1816இல் மூங்கிலை எடுத்தார்.

ஏன் மூங்கில்? காசில்லாததால் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். மணிலாவில் உலோகத்தில் கட்டத் தெரிந்தவருக்கு எந்த இடத்தில் எது நிற்கும் என்ற கணக்கும் இருந்திருக்கும். அந்த ஊரில் பிறந்த ஒவ்வொரு கையும் மூங்கிலை அறிந்த கை. மூங்கில் உள்ளே ஏற்கெனவே குழல். கணுவே அடைப்பு. ஈரத்தையும் வெயிலையும் அதே மண்ணில் நின்று பழகியது.

வெட்டிய மூங்கிலை அப்படியே எடுத்து அறுக்கவில்லை. மாதக்கணக்கில் கடற்கரை மணலில் புதைத்துவைத்தார். பூச்சி எதை அரிக்குமோ அதை அரித்துக்கொள்ளட்டும், உப்பும் மணலும் மிச்சத்தைப் பதப்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். தோண்டி எடுத்தபோது பழுதில்லாமல் வந்தவை மட்டும் குழலாயின. இந்த ஒரு காரியத்துக்காகவே அந்த மனிதரைக் கும்பிடலாம். வில்லிஸிடம் இருந்தது நீராவி எஞ்சின். இவரிடம் இருந்தது கடற்கரையும் பொறுமையும்.

1821இல் ஆர்கன் வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டது, எக்காளக் குழல்கள் மட்டும் பாக்கி. அவற்றுக்கும் மூங்கிலையே பிடித்துத் தொங்கவில்லை. அந்தக் கணீர் என்ற ஓசை மூங்கிலில் வராது என்று கண்டு உலோகத்துக்குப் போனார். 1824இல் வேலை முடிந்தது. மொத்தம் 1,031 குழல்கள். அவற்றில் 902 மூங்கில், 129 உலோகம். ஸ்பெயின் வழக்கப்படி எக்காளங்கள் சனங்களின் தலைக்கு நேரே படுக்கையாக நீட்டிக்கொண்டு நிற்கும். பறவைச் சத்தம் எழுப்பத் தனிக் குழல்கள், மேளச் சத்தத்துக்குத் தனிக் குழல்கள். கோயிலுக்குள் குருவி கத்தினால் பிள்ளைகள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பாதிரியாருக்கு அதுதான் வேண்டியிருந்ததோ என்னவோ.

செரா 1832இல் இறந்தார். பிறகு அந்த ஆர்கனை பூகம்பம் ஆட்டியது, சூறாவளி கூரையைப் பிய்த்து மழையில் நனையவிட்டது. பல பத்தாண்டுகள் ஊமையாகவும் அரைகுறையாகவும் கிடந்தது. 1973இல் கழற்றி ஜெர்மனியின் பொன் நகரத்தில் உள்ள யொஹன்னஸ் கிளாய்ஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவின் வறண்ட குளிரில் மூங்கில் வெடித்துவிடும் என்று அங்கே பிலிப்பைன்ஸின் சூட்டையும் ஈரத்தையும் போலச் செய்த அறை ஒன்றை ஆயத்தம் செய்து அதற்குள் வைத்தே வேலை பார்த்தார்கள். 1975இல் ஊர் திரும்பி மே மாதம் திரும்பவும் ஒலித்தது. ஐரோப்பிய ஆர்கன் வெயில் நாட்டுக்கு வந்தால் தனி ஏற்பாடு வேண்டும் என்றுதான் இதுவரை எழுதிக்கொண்டு வந்தேன். இங்கே வெயில் நாட்டு ஆர்கனுக்காக ஐரோப்பா ஏற்பாடு செய்துகொண்டது.

*

செராவைப் படித்த பிறகு ஊவாவைப் பார்க்கும்போது ஒரு கேள்வி விடாமல் நச்சரிக்கிறது. இங்கே ஏன் ஒருவரும் கட்டவில்லை? கைத்திறன் இல்லாமலா?

ஹாலிஎலப் பக்கம் பொகொடவில் ஒரு மரப் பாலம் இருக்கிறது. ஓட்டுக் கூரை போட்ட பாலம். பதினாறாம் நூற்றாண்டு என்பார்கள். இரும்பு ஆணி கிடையாது, மரத்தில் மரத்தைப் பூட்டி நிறுத்தியது. கீழே ஆறு, மேலே மழை, நடுவில் கச்சான். இத்தனைக்கும் நடுவே நிற்கிற மூட்டு போடத் தெரிந்த தச்சனுக்குக் காற்றுப் பெட்டி ஒரு வேலையா?

ஈயம்? தோட்டத்து ஸ்டோருகளில் அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஈயத்தகடு போடுவார்கள். தகட்டை வெட்டி, மடித்து, ஓரத்தைப் பற்றவைத்துக் காற்றுப் புகாமல் மூடுவது ஒரு ஆளின் முழுநேர வேலை. பின்னால் அலுமினியத் தாள் வந்து அந்த வேலை போயிற்று. ஈயம் கலந்த தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்தால் அது ஆர்கன் குழல். ஸ்டோருக்கு ஒருவராவது அந்த வேலைக்காரர் இருந்தார்.

காற்றையும் ஈரத்தையும் அளக்கத் தெரிந்தவர்? டீமேக்கரை விட்டால் யார். ஈரத்துணி சுற்றிய பாதரசக் கோல் ஒன்று, சுற்றாத கோல் ஒன்று, இரண்டையும் பார்த்துக் கொழுந்து வாட்டும் மாடியில் எந்த ஜன்னலைத் திறப்பது, விசிறியை எப்போது நிறுத்துவது என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தீர்மானிக்கிற மனிதர். பொன் நகரத்துப் பட்டறை தனி அறை வைத்துச் செய்த காரியத்தை அவர் வாட்டு மாடியில் தினமும் செய்தார்.

துருத்தி அடிக்க? தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடிய தேயிலை ஆலைகள் மலைநாட்டில் எத்தனையோ இருந்தன.

எல்லாம் இருந்தது. கேட்பதற்கு ஆளில்லை. துரைமார் கோயில் கட்டினார்கள். ஹப்புத்தளை செயின்ட் ஆண்ட்ரூஸ் 1869லேயே எழுந்துவிட்டது, கவிஞர் வோல்டர் ஸ்டான்லி சீனியரின் கல்லறை அங்கே இருக்கிறது. ஆனால் தோட்டத்துத் துரைக்கு நாலு வருஷம் இந்தத் தோட்டம், ஐந்து வருஷம் அந்தத் தோட்டம், பிறகு சீமை. வாத்தியம் வேண்டுமென்றால் விலைப்பட்டியலைப் பார்த்து ஓர்டர் போடுவான். தொழிலாளர் லயத்தில் இருக்கும் ஆசாரியைக் கூப்பிட்டு "இதைச் செய்வாயா?" என்று கேட்கத் தோன்றாது. செரா லாஸ் பின்யாஸுக்கு வந்து முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு இறந்தவர். மணலில் மூங்கிலைப் புதைத்துவிட்டுக் காத்திருக்க அந்த மாதிரி ஆளால்தான் முடியும். வில்லிஸின் ஆயிரம் ஆர்கன்களுக்கு எதிரே அந்த ஒரு ஆர்கனை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு பாதிரியாருக்குத்தான்.

*

லயத்துச் சனம் கேட்டது வேறு பெட்டி.

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், பெயரைப் பாருங்கள், பிறகுதான் கௌரவமான பெயர் வைத்துக்கொண்டது. அதற்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். அவர்களோடு வந்த பாட்டு வேதநாயக சாஸ்திரியார் வழிக் கீர்த்தனைகள். பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் அவற்றைப் பாடத் தாளமும் குரலும் போதும். கோயில் என்று ஒன்று எழுந்த பிறகு காலால் மிதிக்கும் ஆர்மோனியம் வந்து சேர்ந்தது. குழல் கிடையாது, பித்தளை நாக்குகள் மட்டும். 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாந்தர் டெபேன் காப்புரிமை வாங்கியதன் வாரிசு. நாக்கு மட்டும் என்பதால் சூட்டுக்குச் சுருதி அதிகம் ஆடாது. எடுத்துப் போகலாம், விலை குறைவு. பைப் ஆர்கன் தோற்ற இடத்திலெல்லாம் அது ஜெயித்தது.

இந்தக் கால்பெட்டியைக் கைப்பெட்டியாக்கியவர் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ். 1875இல் துவார்க்கின் கடையைத் தொடங்கியவர். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதிக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு இல்லை, தரையில் சம்மணமிட்டுத்தான் பாடுவோம் என்று கண்டார். துருத்தியைப் பின்பக்கம் கொண்டுபோய் இடது கைக்குக் கொடுத்தார். வலது கை கட்டையில். 1880களில் நடந்த இந்த மாற்றத்தால் கல்கத்தாவிலிருந்து நாடக மேடை, பஜனை மடம், தோட்டத்து மாரியம்மன் திருவிழா வரை பெட்டி பரவிவிட்டது. அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தள்ளிவைத்து, 1971இல்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. கமகம் வராது என்பது குற்றச்சாட்டு. உண்மைதான், வராது. தடை போட்டுத் திருத்தக்கூடிய குறையா அது என்பது வேறு கேள்வி. மலைநாட்டில் அதைக் கேட்டு யாரும் பெட்டியை இறக்கி வைக்கவில்லை.

கோஷும் செராவும் ஒரே சாதி. யார் எங்கே எப்படி உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று பார்த்த பிறகு உளியை எடுத்தவர்கள்.

*

நாதசுரத்துக்குத் தமிழ்நாட்டு நரசிங்கன்பேட்டையில் மரம் பார்க்கும் விதமும் செராவின் மணலை நினைவுபடுத்துகிறது. பச்சை ஆச்சா மரத்தில் கடைய மாட்டார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கழிகிற உத்தரமும் தூணும் வேண்டும். பல தலைமுறை வெயிலும் மழையும் பார்த்து, இனிச் சுருங்க ஒன்றுமில்லை என்று ஆன மரம்.

*

தோட்டத்துக் கோயில் ஒன்றில் காலால் மிதிக்கும் அந்த ஆர்மோனியப் பெட்டி ஒன்றைப் பின்பக்கம் திறந்து பார்க்கக் கிடைத்தது. ஊர் பேர் வேண்டாம். மிதிப்பலகையில் எலி புகாது என்று ஆங்கிலத்தில் வார்த்திருக்கிறது. அமெரிக்கக் கம்பெனிகள் பலவும் அந்தக் காலத்தில் இதைச் சொல்லியே விற்றன. பலகையின் வழியாக எலி புகவில்லை என்பது நிஜம். பின்பலகையின் மூலையைக் கடித்து வந்திருக்கிறது. உள்ளே பழைய துதிப்புத்தகத் தாள், உமி, கொஞ்சம் கோணிச் சணல். துருத்தியின் ரப்பர் துணி மடிப்பு மடிப்பாக வெடித்து, ஒரு மடிப்பில் மட்டும் யாரோ சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுத்தமாக ஒட்டியிருந்தார்கள். முழுத் துருத்தியிலும் காற்றுப் போகாத இடம் அது ஒன்றுதான். ஒட்டியவர் யார் என்று கேட்டேன். வயதான ஒரு அம்மா, "அவுங்க குடும்பத்தோட இந்தியா போயிட்டாங்க தம்பி, சிறிமா காலத்துல" என்றார். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் செய்த 1964 ஒப்பந்தம் கொண்டுபோனவர்களில் இப்படி எத்தனை கைவேலைக்காரர்கள் போனார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது.

நாக்குகள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஒன்றை உருவி எடுத்துத் துடைத்து உதட்டில் வைத்து ஊதினால் தெளிவாகப் பேசியது. பித்தளைக்கு வயதாவதில்லை. செத்துப்போவது துணியும் தோலும்தான், இரண்டையும் மாற்றலாம்.

*

ஆகவே ஒரு வேண்டுகோள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, வெலிமடை, தியத்தலாவை என்று எந்தத் தோட்டமானாலும் சரி, கோயிலில், பள்ளிக்கூட மூலையில், பழைய பங்களாவின் களஞ்சிய அறையில் இப்படி ஒரு பெட்டி கிடந்தால் பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் உடனே தள்ளிவிடாதீர்கள். அவர் பலகைக்கு மட்டும்தான் விலை போடுவார். சுவரை விட்டு ஒரு அடி தள்ளி, தரையில் செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்துங்கள், கறையான் ஏறினால் கண்ணில் படும். நாக்குகளுக்கு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், பிறகு நாக்கு அசையாது. கச்சான் காலத்தில் அறை ஜன்னலைச் சாத்தி வையுங்கள். கட்டைக்கு மேலே உள்ள பலகையில் கம்பெனிப் பெயரும், உள்ளே எங்காவது ஓர் இலக்கமும் இருக்கும். இரண்டையும் படம் எடுத்து, யார் வாசித்தார்கள், யார் பழுது பார்த்தார்கள் என்று ஊரில் மூத்தவர்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழுது பார்த்தவர் பெயரை முதலில் கேளுங்கள்.